சிறுநீர்ப்பை அனுப்பும் சேதி

வெளியே சொல்லாத நோய்

காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்கிறோம். கால் வலித்தால் கடைக்காரரிடம்கூடச் சொல்கிறோம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்றால் மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

புடவை நனைகிறது. வேட்டி நனைகிறது. ஒருவர் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறார். இன்னொருவர் பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறார். வேறொருவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்.

"வயசாகிவிட்டது" என்று சிலர் சொல்கிறார்கள். "உடம்புச் சூடு" என்று சிலர் சொல்கிறார்கள். "வேண்டும் என்றே செய்கிறார்" என்று திட்டுகிறவர்களும் உண்டு.

உண்மை என்ன? சிறுநீரைப் பிடித்து வைப்பது ஒரு வேலை. வெளியே விடுவது இன்னொரு வேலை. இரண்டையும் தசையும் நரம்பும் சேர்ந்து செய்கின்றன. தசை தளர்ந்தால் வேலை கெடும். நரம்பு அடிபட்டாலும் வேலை கெடும். இதில் யாருடைய குற்றமும் இல்லை. வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

ஆனால் ஆபத்து உண்டு. கசிவதைவிட உள்ளே தேங்குவதுதான் பெரிய ஆபத்து. அது ஏன் என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

சுருக்குப் பை

பாட்டிமார் இடுப்பில் சுருக்குப் பை வைத்திருப்பார்கள். அதில் வெற்றிலை பாக்கு இருக்கும். சில்லறைக் காசும் இருக்கும். கயிற்றை இழுத்தால் வாய் மூடும். கயிற்றைத் தளர்த்தினால் வாய் திறக்கும்.

நம் உடம்பிலும் அப்படி ஒரு பை இருக்கிறது. அடிவயிற்றில் இருக்கிறது. அதுதான் சிறுநீர்ப்பை.

முதுகின் இரு பக்கமும் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவை இரவும் பகலும் இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. வடிகட்டிய கழிவு நீர்தான் சிறுநீர். ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சிறுநீர் ஊறுகிறது. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பைக்கு வருகிறது.

பெரியவர்களின் பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை பிடிக்கும். அதாவது இரண்டு டம்ளர் அளவு. ஒரு டம்ளர் அளவு சேரும்போதே 'ஒன்றுக்கு வருகிறது' என்று லேசாகத் தோன்றும்.

இந்தப் பையில் இரண்டு விதமான தசைகள் உள்ளன.

ஒன்று, பையின் சுவரில் உள்ள தசை. பை நிறையும்போது இது தளர்ந்து விரிந்து இடம் கொடுக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது இது சுருங்கிப் பிழிகிறது.

இன்னொன்று, பையின் வாயில் உள்ள சுருக்குத் தசை. இது சுருக்குப் பையின் கயிறு போன்றது. பை நிறையும்போது இறுக்கிப் பிடிக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது தளர்ந்து வழி விடுகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு தசைகளும் மாறி மாறித்தான் வேலை செய்ய வேண்டும். சுவர் பிழியும்போது கயிறு தளர வேண்டும். கயிறு இறுகும்போது சுவர் தளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் என்ன ஆகும்? குழாயைத் திறக்காமல் மோட்டாரைப் போட்டது போல் ஆகும். அழுத்தம் ஏறும்.

சேதி போகும் வழி

எப்போது பிழிய வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று தசைக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புகள் சொல்கின்றன. நரம்புகள் டெலிபோன் கம்பி மாதிரி. சேதியைக் கொண்டு போகும். பதிலைக் கொண்டு வரும்.

பை விரிந்ததும் அதன் சுவரிலிருந்து ஒரு சேதி கிளம்புகிறது. அது இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு வருகிறது. முதுகெலும்புக்கு உள்ளே தண்டுவடம் என்ற நரம்புக் கற்றை ஓடுகிறது. சேதி அதன் வழியாக மேலே ஏறி மூளைக்குப் போகிறது.

மூளையில் இரண்டு இடங்கள் முக்கியம்.

முதல் இடம் மூளையின் அடித்தண்டில் உள்ளது. சுவரும் கயிறும் ஒன்றோடொன்று மோதாமல் இதுதான் ஒழுங்கு செய்கிறது. லண்டனில் பாரிங்டன் என்ற மருத்துவர் பூனைகளை ஆராய்ந்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அவர் அதை 1925இல் வெளியிட்டார்.

இரண்டாவது இடம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. "இது பஸ். இப்போது வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று முடிவு செய்வது இதுதான். கைக்குழந்தைக்கு இந்தப் பகுதி இன்னும் பழகவில்லை. அதனால் பை நிறைந்ததும் தானாக விட்டுவிடுகிறது. இரண்டு மூன்று வயதில் குழந்தை அடக்கப் பழகுகிறது.

முடிவு ஆனதும் பதில் அதே தண்டுவடம் வழியாகக் கீழே இறங்குகிறது. நரம்பின் நுனியில் ஒரு ரசாயனம் சுரக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். அது பட்டதும் பையின் சுவர் சுருங்குகிறது. கயிறு தளர்கிறது. சிறுநீர் வருகிறது.

இத்தனை வேலையும் நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

கம்பி அறுந்தால் மூன்று விதம்

கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்துக் கோளாறு மாறும்.

முதல் விதம்: மூளையில் கோளாறு. பக்கவாதம் வந்தவர்களுக்கு இது வரலாம். 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் இடம் கெட்டுவிடுகிறது. திடீரென்று அவசரமாக வரும். கழிப்பறை போவதற்குள் துணி நனைந்துவிடும்.

இரண்டாம் விதம்: தண்டுவடத்தில் கோளாறு. உயரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலை விபத்தில் அடிபட்டவர்கள், முதுகெலும்பில் காசநோய் வந்தவர்கள் இதில் சேருவார்கள். அடிபட்ட முதல் சில வாரங்களில் பை அசையாமல் கிடக்கும். பிறகு அது மூளையைக் கேட்காமல் தானாகவே சுருங்கத் தொடங்கும். ஆனால் அதே நேரத்தில் வாயில் உள்ள கயிறும் இறுகும். கொஞ்சம் கசியும். மீதி உள்ளேயே நிற்கும். பையில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் மேலே சிறுநீரகத்தைத் தாக்கும். மூன்று விதத்திலும் இதுதான் மிக ஆபத்தானது.

மூன்றாம் விதம்: அடி முதுகு நரம்புகளில் கோளாறு. இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு நொறுங்கினால் இது வரும். பல வருடம் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் வரும். பை நிறைந்தது தெரியாது. பிழியவும் முடியாது. பை ஊதிக்கொண்டே போகும். நிறைந்த குடம் வழிவது போல் வழியும். வீட்டில் இருப்பவர்கள் "ஒன்றுக்கு நன்றாகத்தான் போகிறது" என்று நினைப்பார்கள். உள்ளே குடம் நிறைந்தே இருக்கும்.

மூன்று விதத்திலும் வெளியே தெரிவது ஒன்றுதான். துணி நனைகிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. வைத்தியமும் வேறு வேறு. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடுவது தவறு. அது ஏன் என்று இப்போது புரிகிறது அல்லவா?

பெங்களூரில் ஓர் ஆய்வு இடம்

பெங்களூர் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் அங்கே போகிறார்கள். முன்பு அது மைசூர் அரசின் மனநல மருத்துவமனையாக இருந்தது. அதோடு ஒரு மனநலக் கல்வி நிறுவனமும் சேர்ந்தது. 1974 டிசம்பர் 27இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது.

மனநோய்க்கு மட்டும்தான் அந்த மருத்துவமனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூளை, தண்டுவடம், நரம்பு நோய்களுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. நரம்பு நோயால் முடங்கியவர்களை மறுபடி வாழ்க்கைக்குத் தயார் செய்ய ஒரு தனித் துறையும் இருக்கிறது. அதை நரம்பியல் மறுவாழ்வுத் துறை என்கிறார்கள். நடக்கவும் உட்காரவும் பழக்குவதோடு, சிறுநீர்ப்பையைப் பார்த்துக்கொள்ளவும் அங்கே பழக்குகிறார்கள்.

அங்கே டாக்டர் அனுபம் குப்தா, டாக்டர் அருண் தலி முதலியவர்கள் இந்த விஷயத்தை ஆராய்ந்தார்கள். பக்கவாதம் வந்து சிறுநீர் அடக்க முடியாதவர்களைச் சோதித்தார்கள். மூளையில் அடிபட்ட இடத்துக்கும் பையின் கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. விபத்து எதுவும் இல்லாமல் நோயால் தண்டுவடம் கெட்டவர்களையும் ஆராய்ந்தார்கள். அது 2013இல் வெளிவந்தது.

வெளியே தெரியும் அறிகுறியை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. பைக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். எப்படி அளந்தார்கள்?

ஒரு முழம் தண்ணீர்

அதற்கு ஓர் அழுத்தச் சோதனை இருக்கிறது. டாக்டர்கள் அதை யூரோடைனமிக்ஸ் என்பார்கள்.

மிக மெல்லிய டியூப் ஒன்றைச் சிறுநீர்ப் பாதை வழியாகப் பைக்குள் விடுவார்கள். இன்னொரு டியூபை ஆசனவாயில் வைப்பார்கள். உப்பு நீரை மெதுவாகப் பைக்குள் ஏற்றுவார்கள். "ஒன்றுக்கு வருவது போல் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பைக்குள் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் கம்ப்யூட்டர் திரையில் கோடாகத் தெரியும். மயக்க மருந்து தேவை இல்லை. கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவ்வளவுதான்.

பை எப்போது சுருங்குகிறது, கயிறு தளர்கிறதா, எந்த அழுத்தத்தில் கசிகிறது, கடைசியில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று இதில் தெரிந்துவிடும்.

அழுத்தத்தை எப்படிச் சொல்கிறார்கள்? தண்ணீரின் உயரத்தை வைத்துச் சொல்கிறார்கள். ஒரு குழாயை நிறுத்தி வைத்து 40 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் ஊற்றினால், அடியில் ஓர் அழுத்தம் இருக்கும் அல்லவா? பைக்குள் அழுத்தம் அதற்கு மேல் போய்த்தான் சிறுநீர் கசிகிறது என்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அமெரிக்காவில் மெகையர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் பிறவியிலேயே தண்டுவடக் குறை உள்ள குழந்தைகளை ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். அது 1981இல் வெளிவந்தது.

40 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? பூக்காரம்மா அளக்கும் ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தச் சின்ன உயரம்தான் ஒருவருடைய சிறுநீரகம் பிழைக்குமா கெடுமா என்பதைக் காட்டுகிறது.

எல்லா ஊரிலும் இந்தச் சோதனைக் கருவி இல்லை. அதனால் பயப்பட வேண்டாம். ஒன்றுக்குப் போன பிறகு ஒரு ஸ்கேன் எடுத்தால் பையில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். சிறுநீரகம் வீங்கி இருக்கிறதா என்றும் தெரியும். சிறுநீர், இரத்தப் பரிசோதனையும் உதவும். தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

வார்டில் ஒரு பேச்சு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தருமபுரிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டுவிட்டது. கால்கள் அசையவில்லை. அவருடைய மனைவியும் வார்டு நர்சும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"சிஸ்டர், அவருக்குத் தானாவே ஒழுகிக்கிட்டுத்தான் இருக்குது. அப்புறம் எதுக்கு டியூப் போடச் சொல்றீங்க?"

"ஒழுகுறது கொஞ்சம்தாம்மா. இப்ப டியூப் விட்டுப் பார்த்தோம். அரை லிட்டருக்கு மேல வந்துச்சு. அவ்வளவும் உள்ள தேங்கி இருந்திருக்கு."

"அய்யோ, அவ்வளவா? வயித்தை அமுக்கி விட்டா வந்துடாதா? எங்க மாமியார் அப்படித்தான் செய்யச் சொன்னாங்க."

"அமுக்கக் கூடாதும்மா. வாய் இறுகி இருக்கும்போது மேல இருந்து அமுக்கினா, சிறுநீர் எந்தப் பக்கம் போகும்? கிட்னிப் பக்கம் ஏறிடும்."

"அப்ப தண்ணியைக் குறைச்சுக் குடுக்கட்டுமா? துணி நனையாம இருக்குமே."

"அதுவும் கூடாது. தண்ணி குறைஞ்சா கிருமி சேரும், கல்லும் சேரும். டாக்டர் சொன்ன அளவு தண்ணி குடிக்கணும். நேரம் பார்த்து டியூப் விட்டு எடுத்துடணும்."

"தினமும் டியூப் விட்டா சீழ் பிடிக்காதா சிஸ்டர்?"

அந்த அம்மா கேட்டது நல்ல கேள்வி. ஒரு காலத்தில் டாக்டர்களே இதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைக்கப் பல வருடம் ஆனது.

டியூப் வந்த கதை

முதல் உலகப் போர் 1914இல் தொடங்கி 1918இல் முடிந்தது. அதில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்தார்கள். முதுகில் பட்ட குண்டு மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையில் வந்த சீழும் கொன்றன.

1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்களைச் சாக விடக் கூடாது என்று உறுதியாக இருந்தார். நேரம் தவறாமல் டியூப் விட்டுப் பையைக் காலி செய்ய வைத்தார். ஆனால் கருவிகள் எல்லாம் கிருமி நீக்கியவையாக இருக்க வேண்டும் என்றார். அதை மருத்துவமனையில்தான் செய்ய முடியும். வீட்டில் எப்படிச் செய்வது?

1972இல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் வேறு வழி சொன்னார். கையை நன்றாகக் கழுவினால் போதும். டியூப் சுத்தமாக இருந்தால் போதும். நோயாளியே வீட்டில் செய்துகொள்ளலாம் என்றார். முதலில் பலர் நம்பவில்லை. அவர் சொன்ன காரணம் இதுதான்: பை ஊதிப்போய் நிற்கும்போது அதன் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அப்போதுதான் கிருமி எளிதில் பிடிக்கிறது. பை ஊதாமல் அடிக்கடி காலி செய்தால் உடம்பே கிருமியை எதிர்க்கும்.

இன்று உலகம் முழுவதும் இந்த முறைதான் நடக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி இருந்தார். வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டார். கால்கள் செயல் இழந்தன. அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். தண்டுவடம் அடிபட்டவர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்று வீடு திரும்பினார்கள்.

டியூப் விடும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் டாக்டரிடமோ நர்சிடமோ நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். புத்தகத்தைப் படித்து மட்டும் செய்யக் கூடாது. கற்ற பிறகு கீழே உள்ளவற்றை மறக்கக் கூடாது.

1. சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

2. டியூப் விடும் இடத்தையும் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும்.

3. மருத்துவமனையில் சொன்ன ஜெல்லியைத் தடவி, மெதுவாக விட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. தடுத்தால் வேகமாகத் தள்ளக் கூடாது.

4. சிறுநீர் முழுவதும் வந்த பிறகு மெதுவாக எடுக்க வேண்டும்.

5. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். இரவில் படுக்கும் முன்பும், காலையில் எழுந்ததும் மறக்கக் கூடாது.

6. வந்த அளவை நோட்டில் எழுத வேண்டும். ஒரே தடவையில் 500 மில்லி லிட்டருக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

7. ஒருவர் டியூபை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. மறுபடி பயன்படுத்தலாமா, எப்படிக் கழுவுவது என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோட்டில் எழுதுவது சின்ன வேலை போல் தோன்றும். ஆனால் டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் உதவும். எழுதக் கற்றவர்களுக்கு இது ஒரு நல்ல பயன். நேரம், குடித்த தண்ணீர், வந்த சிறுநீர் என்று மூன்று கட்டம் போட்டால் போதும்.

மாத்திரை, ஊசி, பயிற்சி

பையின் சுவர் தானாகச் சுருங்குகிறது என்றால் அதை அமைதிப்படுத்த மாத்திரை உண்டு. சில மாத்திரைகள் அசிட்டைல்கோலின் சேதியைத் தடுக்கின்றன. வாய் வறளலாம், மலம் இறுகலாம். மாத்திரை போதவில்லை என்றால் பையின் சுவரில் போடாக்ஸ் என்ற ஊசி போடுகிறார்கள். அதன் பலன் சில மாதங்கள் இருக்கும். பிறகு மறுபடி போட வேண்டும். இவற்றை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

நரம்பு நன்றாக இருந்து தசை மட்டும் தளர்ந்தவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கொஞ்சம் கசியும். பையைத் தாங்கும் தசை தளர்ந்ததே காரணம். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இதற்கு ஒரு பயிற்சி சொன்னார். சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்க வேண்டும். சில நொடி பிடித்துத் தளர்த்த வேண்டும். ஒரு நாளில் பல தடவை செய்ய வேண்டும். உட்கார்ந்தும் செய்யலாம். படுத்தும் செய்யலாம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். விடாமல் செய்ய வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

திடீரென்று ஒன்றுக்கு நின்றுவிட்டது. கடுமையான முதுகு வலியோடு கால் மரத்தது. தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி இல்லை. இது நரம்பு நசுங்கிய அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். தாமதித்தால் நரம்பு திரும்பாது.

குளிரோடு காய்ச்சல் வந்தது. சிறுநீரில் இரத்தம் வந்தது. டியூப் விட்டும் சிறுநீர் வரவில்லை.

நெஞ்சுக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை இடித்தது. முகம் சிவந்து வியர்த்தது. பை நிறைந்திருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இறுக்கமான துணியைத் தளர்த்த வேண்டும். பையைக் காலி செய்ய வேண்டும். இரத்த அழுத்தம் மிகவும் ஏறும் நேரம் இது. குறையவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் கையைக் காலைப் பிடித்து மடக்கித் தூக்கக் கூடாது. ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கவும் கூடாது. 108க்குப் போன் செய்ய வேண்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் பலர் சேர்ந்து, தலையும் முதுகும் வளையாமல், பலகையில் படுக்க வைக்க வேண்டும்.

ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது

பை நிறைந்தது என்று முதலில் எப்படித் தெரிகிறது? இது பல காலம் புரியாத விஷயமாக இருந்தது. 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பதிலைக் கண்டார்கள். பையிலும் அதன் நரம்பிலும் பீசோ-2 என்ற ஒரு புரதம் இருக்கிறது. பை விரியும்போது அதுதான் சேதியைத் தொடங்கி வைக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் வேலை செய்வதில்லை. பை நிறைவது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒன்றுக்குப் போகிறார்கள். இந்த வகைப் புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானிக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை டேவிட் ஜூலியஸ் என்பவரோடு பகிர்ந்துகொண்டார். பட்டபூட்டியன் லெபனான் நாட்டில் பிறந்தவர். போர் நடந்த காலத்தில் அங்கிருந்து அமெரிக்கா போனவர்.

அறுந்த தண்டுவடத்தை முழுவதும் ஒட்ட வைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வழி இருக்கிறது. அதற்கு வேண்டியவை சோப்பு, தண்ணீர், ஒரு டியூப், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். கூச்சப்படாமல் வாய் திறந்து சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் திட்டாமல் கேட்க வேண்டும்.

படித்துச் சொல்லுங்கள்

1. சிறுநீர்ப்பையில் உள்ள இரண்டு தசைகள் எவை? அவை எப்படி மாறி மாறி வேலை செய்கின்றன?

2. துணி நனைகிறது என்றால் பை காலியாக இருக்கிறது என்று அர்த்தமா? ஏன்?

3. தண்டுவடம் அடிபட்டவரின் வயிற்றை ஏன் அமுக்கக் கூடாது?

4. 1972இல் லாபிடஸ் சொன்ன புதிய வழி என்ன?

5. வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி மூன்று வரி எழுதுங்கள்.

6. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் முடங்கி இருந்தால் அவர் வீட்டில் என்ன சொல்வீர்கள்? குழுவில் பேசுங்கள்.

சொல்லும் பொருளும்

சுருக்குத் தசை: பையின் வாயைக் கயிறு போல் இறுக்கும் தசை.

தண்டுவடம்: முதுகெலும்புக்கு உள்ளே ஓடும் நரம்புக் கற்றை.

அழுத்தம்: உள்ளே இருந்து நெருக்கும் விசை.

மறுவாழ்வு: நோயால் முடங்கியவர் மறுபடி வாழ்க்கைக்குத் திரும்புவது.

சாரம்: கட்டட வேலையில் நின்று வேலை செய்யக் கட்டும் கம்பு, பலகை.